ஏழு பாதி அப்பம்

மற்ற ஒன்பது விரல்களின் நகங்களையும் ஒட்ட வெட்டிவிட்டு வலது கட்டைவிரலை மட்டும் விட்டுவைக்கிறாள் வெர்னா ரெப்பெட்டோ. மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் அந்த நகத்துக்கு வேலை இருக்கிறது. கோயிலின் பின்னறையில் ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி. நற்கருணை அப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் நகத்தை வைத்து அழுத்துவாள். உலர்ந்த இலை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். வட்டம் இரண்டு பாதியாகிவிடும். சத்தம் வராவிட்டால் முகம் சுருங்கும். ஈரம் பட்டுவிட்டது என்று அர்த்தம்.

கத்தி வைத்து வெட்டக் கூடாதா என்று கேட்டால், "கூடாதுன்னு யாரும் சொல்லல. வச்சா நல்லாவா இருக்கு?" என்பாள்.

வயது ஐம்பத்தெட்டு. குள்ளம். தோள்கள் மட்டும் படகு வலித்தவருடையதைப் போல அகலம். பகலில் அவள் வேலை துறைமுகத்துக்கு மேலே இருக்கும் சிங்கி இறால் ஆலையில். கடல் அமைதியாக இருக்கிற விடியற்காலைகளில், கட்டித் தொங்கவிட்ட பழைய இரும்பு உருளையைச் சம்மட்டியால் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் மீன்பிடி நாள். பள்ளி வாத்தியார் முதல் தபாலாபீஸ்காரர் வரை படகு உள்ளவர்கள் எல்லாரும் கடலுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் பெட்டி பெட்டியாக இறால் வந்து இறங்கும். வெர்னா அதைக் கையில் எடுத்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவாள். தராசு பின்னால் வந்து ஆமாம் போடும். அவளுக்கு எதிர்ப்பக்கம் இருபது வருஷமாக நிற்கிறவள் இனா. வெர்னாவின் புருஷன் ஹியூபர்ட்டுக்கு அண்ணன் அம்புரோஸ், அவருடைய மனைவி. வெர்னா அவளை அக்கா என்பாள். இனா வெர்னாவை நேரத்துக்குத் தகுந்த மாதிரி கூப்பிடுவாள். நல்ல நாளில் வெர்னா, மற்ற நாளில் "ஏய் உபதேசியாரே".

சாமி இல்லாத ஞாயிறுகளில் கோயிலில் முன்னால் நின்று ஜெபம் நடத்தி நற்கருணை கொடுப்பது வெர்னாதான். அந்த உபதேசியார் வேலைக்குச் சம்பளம் கிடையாது. நடுக்கடலில் தனியாகக் கிடக்கும் அந்தத் தீவில் மொத்தமே இருநூற்றுச் சொச்சம் பேர்தான். பெரும்பாலோர் ஆங்கிலிக்கன் கோயிலுக்குப் போகிறவர்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவர்களுக்கென்று சாமியார் கிடையாது. வந்தால் கப்பலில் வருவார், வந்த கப்பலிலேயே போய்விடுவார். மறைமாவட்டம் கிடையாது. ஒன்றையொன்று பார்த்தேயிராத மூன்று தீவுகளைச் சேர்த்து மிஷன் என்று பெயர் வைத்து, அதை மேற்கே நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஃபாக்லாந்தில் இருக்கும் ஒருவரின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அவரும் ஆயர் இல்லை, ஆயரின் வேலையைப் பார்க்கிறவர். அவரோ அவர் அனுப்புகிற சாமியோ அங்கிருந்து இங்கே நேராக வர முடியாது. வடக்கே இங்கிலாந்துவரை பறந்து, திரும்பத் தெற்கே கேப் டவுனுக்குப் பறந்து, அங்கே கப்பலுக்குக் காத்திருந்து, ஏழு நாள் கடலில் வர வேண்டும். வெர்னா ஒரு தடவை பள்ளிக்கூடத்து உலக உருண்டையின்மேல் நூல் வைத்து இந்த வழியை அளந்து பார்த்தாள். நூல் போதவில்லை. தன் பின்னல் பையிலிருந்து கம்பளியைப் பிரித்து முடிச்சுப் போட்டு நீட்டினாள்.

சாமி வருகிறபோது முந்நூறு அப்பங்களை மந்திரித்து வைத்துவிட்டுப் போவார். பூசையில் அவர் வாயால் அந்த வார்த்தைகளைச் சொன்ன பிறகு அது அப்பம் இல்லை, ஆண்டவரின் உடல். அடுத்த கப்பல்வரை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் நற்கருணை. கப்பல் தள்ளிப்போகிறது என்று தெரிந்தால் பாதி. இன்னும் தள்ளிப்போனால் கால். ஒரு வருஷம் எட்டில் ஒரு பங்குவரை வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு மாசம் ஆனா வாசனை மட்டும்தான்" என்றாள் இனா. வெர்னா அதற்குச் சிரிக்கவில்லை.

சாமி இல்லாத மாதங்களில் ஜனங்கள் தங்கள் பாவங்களை அவளிடம் கொண்டுவருகிறார்கள். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? என்னால மன்னிக்க முடியாது. கப்பல் வரட்டும், அதுவரைக்கும் பத்திரமா வச்சிரு" என்று அவள் ஒவ்வொரு முறையும் சொல்வாள். அவர்கள் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவார்கள். அவள் கண்ணை நிமிர்த்தாமல் காலுறை பின்னிக்கொண்டு கேட்பாள். அவள் பின்னின காலுறையில் எங்கே ஒரு கண்ணி தப்பியிருக்கிறதோ அங்கே ஊரில் யாரோ ஒருவருடைய பாவம் இருக்கிறது என்பது ஹியூபர்ட்டின் கணக்கு. அவனிடம் அப்படி ஒன்பது ஜோடி இருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு படிவம் வரும். பங்குகள் எத்தனை, குருக்கள் எத்தனை, குருமாணவர் எத்தனை என்று வரிசையாகக் கேட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் எதிரே சளைக்காமல் பூஜ்யம் போடுவாள். அருகிலுள்ள குரு இருக்கும் தூரம் என்ற கேள்விக்கு 'கப்பல்காரரைக் கேட்கவும்' என்று எழுதுவாள். கடைசிக் கேள்வி, நற்கருணையைப் பாதுகாப்பதில் குறை ஏதும் உண்டா என்பது. பத்தொன்பது வருஷமாக அதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதிவந்திருக்கிறாள். அந்த ஒரு சொல்லை மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

போன மே மாதம் ஒரு மத்தியானம் காற்று திரும்பியது. மலைக்குப் பின்னாலிருந்து வந்த காற்று கோயில் கூரையின் இரண்டு தகடுகளைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டது. வெர்னா மழைக்கோட்டுக்குள் நற்கருணைப் பாத்திரத்தை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். ஹியூபர்ட் அலமாரியில் இருந்ததை எல்லாம் வாரிக்கொண்டு பின்னால் வந்தான். அதில் இன்னும் மந்திரிக்காத அப்பப் பொட்டலம் ஒன்றும் இருந்தது, அடுத்த சாமிக்காக வைத்திருந்தது. இரண்டுக்கும் வெளியே ஈரம், உள்ளே இன்னும் எட்டவில்லை. சமையலறை மேசையில் காலி ரஸ்க் டப்பாக்கள் இரண்டை வைத்து, பாத்திரத்தில் இருந்ததை இடது டப்பாவிலும் பொட்டலத்தில் இருந்ததை வலது டப்பாவிலும் போட்டு மூடினாள். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நீல மூடி. எழுதி ஒட்ட வேண்டும் என்று காகிதத்தைத் தேடும்போது பக்கத்து வீட்டுக் கூரை கிளம்புகிறது என்று யாரோ கத்தினார்கள். ஓடினார்கள். அவள் திரும்பி வந்தபோது டப்பாக்கள் இருந்த இடத்தில் ஹியூபர்ட்டின் ஈர ஸ்வெட்டர் கிடந்தது. டப்பாக்கள் ஜன்னல் விளிம்பில் இருந்தன. கூரையை அடைத்ததும் இடதை எடுத்துப் போய், கோயில் பீடத்தில் பூட்டி வைக்கும் நற்கருணைப் பேழையில் வைத்தாள். வலதைப் பின்னறை அலமாரியில் வைத்தாள்.

அதற்கப்புறம் ஐந்து முதல் ஞாயிறுகள் வந்தன, போயின. ஆகஸ்டில் அம்புரோஸ் ஆஸ்பத்திரியில் படுத்தார். நெஞ்சுச் சளி. ஊரிலேயே பெரிய ஆள், சாக்கு உருளைக்கிழங்கைத் தோளில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி நடந்து வருவார், தலையணைமேல் சின்னதாகிவிட்டார். சாமி வேண்டும் என்று கேட்டார். கேட்டது அந்த ஒன்றுதான். அடுத்த கப்பலே நவம்பரில்தான். வெர்னா பேழையைத் திறந்து ஒரு பாதி அப்பத்தைச் சிமிழில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஜெபம் சொல்லி, நாக்கில் வைத்து, ஒரு கரண்டி தண்ணீர் விட்டாள். அம்புரோஸ் கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் கழித்து, "போதும்" என்றார். மறுநாள் காலையில் இறந்தார். இனா அழுததைவிட இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதுதான் அதிகம். கடையில், ஆலையில், கிழங்குத் தோட்டத்தில், யார் துக்கம் கேட்டாலும், "வாங்கிட்டுத்தான் போனார்."

அக்டோபர் மாதக் கடைசியில் செய்தி வந்தது. நவம்பர் கப்பலில் மலாக்கி சாமி வருகிறார். வெர்னா பின்னறை அலமாரியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். மந்திரிக்காத அப்பம் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க அந்த டப்பாவைத் திறந்தாள்.

மேலாக ஏழு பாதிகள் இருந்தன.

மந்திரிக்காத அப்பத்தை யாரும் ஒடிப்பதில்லை. மே மாதம் முதல் ஞாயிறு மிஞ்சிய ஏழு பாதிகளைப் பாத்திரத்தில் திரும்பப் போட்டது அவளுக்கு இப்போது நன்றாக நினைவு வந்தது. ஜூனில் பேழையைத் திறந்தபோது, கூரை வேலையின் அவசரத்தில், அவை இல்லாதது கண்ணில் படாமல் போயிருக்கிறது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முறிந்த விளிம்பு அவள் நகம் போட்ட கோடுதான். ஆக, ஆண்டவர் ஐந்து மாதமாக மெழுகுவர்த்திக் கட்டுகளுக்கும் பழைய பாட்டுப் புத்தகங்களுக்கும் நடுவில் இருந்திருக்கிறார். பேழைக்கு முன்னால் இவர்கள் முழந்தாளிட்டது வெறும் மாவுக்கு. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று விரலை மடக்கினாள். ஆகஸ்டில் விரல் நின்றது.

டப்பாக்களை மாற்றி வைத்தாள். அடுத்த ஞாயிறு நற்கருணை நாள். கையில் இப்போது சரியான அப்பம்தான் இருந்தது, கொடுத்திருக்கலாம். கை வரவில்லை. அப்பத்தில் ஈரம் பட்டிருக்கிறது, சாமி வரட்டும் என்று அறிவித்தாள். அது பொய். அவளுடைய பேச்சில் யாரும் அதுவரை தோண்டிப் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. வெளியே வந்து காலணி மாட்டும்போது இனா சொன்னாள்: "நல்லவேளை, அவருக்கு ஈரம் படுறதுக்கு முந்தியே கொடுத்துட்ட."

அந்த வருஷத்துப் படிவமும் வந்து சமையலறையில் கிடந்தது. கடைசிக் கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று. ஹியூபர்ட் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைக்கப்போனபோது அவன் கையைத் தட்டிவிட்டாள். கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அவன் அன்றைக்கு முழுக்கக் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு குடித்தான்.

கப்பல் வந்து நான்கு நாள் வெளியிலேயே நின்றது. அலை இறங்கவில்லை. இங்கே அது சாதாரணம். வந்து நின்று, ஊரைப் பார்த்துவிட்டு, இறங்காமலேயே திரும்பிப் போனவர்கள் உண்டு. வெர்னா காலையிலும் மாலையிலும் துறைமுகத்துக்கு மேலே போய் நின்றாள். கப்பல் மேல்தட்டில் ஒரு கருப்புப் புள்ளி கம்பியைப் பிடித்துக் குனிந்திருப்பதைப் பார்த்து, "உன் சாமி மீனுக்கு இரை போடுறார்" என்றாள் இனா. வழக்கமாக இப்படிச் சொன்னால் வெர்னாவிடமிருந்து ஒரு முறைப்பாவது வரும். அன்றைக்கு அதுவும் வரவில்லை. இனா அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, விடிவதற்கு முன்னால் இரும்பு உருளை ஒலித்தது. கடல் ஒரு நாளைக்கு மனம் இரங்கினால் தீவின் எல்லா வேலையும் அந்த ஒரே நாளில் நடந்தாக வேண்டும். மீன்பிடிக்கிறவன் மீன் பிடிப்பான், சரக்கு இறக்குகிறவன் இறக்குவான், சாமி இறங்குவதும் அதற்கு இடையில்தான். ஊரில் ஒரு கத்தோலிக்கரும் கும்பிட வரவில்லை. சிமெண்டு மூட்டைகளுக்கும் தபால் பைகளுக்கும் பிறகு மலாக்கி சாமி படியேறினார். அறுபது வயதுக்கு மேல், அயர்லாந்துக்காரர், முகம் பாசி நிறத்தில் இருந்தது. கப்பல் தலைவன் அவருக்கு வியாழன் காலைவரை கெடு கொடுத்திருந்தான். அவர் இறங்கிய நேரத்தில் வெர்னா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆலை ஜன்னல் வழியாக அவர் போவதைப் பார்த்தாள். கையிலிருந்த இறாலின் எடையை அன்றைக்குத் தப்பாகச் சொன்னாள். இனா அதைத் தராசில் போட்டுவிட்டு சரியான பெட்டியில் எறிந்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்து, வீட்டுக்குப் போகாமல், மீன் வாடையோடே கோயிலுக்குப் போனாள். சாமி முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து இஞ்சியைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றதும் வாயைத் துடைத்துவிட்டுத் தோளில் பட்டியைப் போட்டுக்கொண்டார். பத்தொன்பது வருஷம் மற்றவர்களுடையதைக் கேட்டவள், தன்னுடையதைச் சொல்லும்போது கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் பின்னல் ஊசிகள் இருக்கிற மாதிரியே வைத்துக்கொண்டாள். டப்பாவைச் சொன்னாள், அம்புரோஸைச் சொன்னாள், ஈரம் பட்டதென்று சொன்ன பொய்யைச் சொன்னாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "டப்பா மாறினது தவறும்மா, பாவமில்ல. பொய் பாவம்தான், அதுக்கு மன்னிப்புக் கொடுத்தாச்சு. அந்த மனுசர் ஆசைப்பட்டுக் கேட்டார் இல்லையா? ஆசைப்பட்டவர்கிட்ட ஆண்டவர் வந்துதான் இருப்பார். டப்பா மாறிப்போச்சுன்னு அவர் வழி மறந்து நிக்க மாட்டார்" என்றார்.

வெர்னா தலையை ஆட்டினாள். எழுந்திருக்கவில்லை.

"இது இங்கேயே இருக்கட்டும்" என்றார் அவர். "யார்கிட்டயும் சொல்லணும்னு உனக்குக் கட்டாயம் இல்ல. சொன்னா அந்த அம்மாவோட நிம்மதிதான் போகும். மேலிடத்துக்கு எழுதவும் வேண்டாம்."

மேலிடம் என்றால் யார் என்று வெர்னா கேட்டாள். படிவத்தின் ஞாபகத்தில் உண்மையாகவேதான் கேட்டாள். சாமி யோசித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். நீ எழுதினால் அது ஃபாக்லாந்துக்கு வரும், அங்கே கடிதங்களைப் பிரிக்கிறவன் நான்தான் என்றார்.

அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க வியாழக்கிழமை கப்பலேறிருவீங்க, சாமி. வெள்ளிக்கிழமை நான் இனா அக்கா எதிர்லதான் நிக்கணும்."

அவர் இஞ்சித் துண்டைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அலை மறுபடி எழுந்துவிட்டது. உருளை ஒலிக்கவில்லை. ஆலையில் கழுவுகிற வேலை மட்டும். இனா குழாயைப் பிடித்துத் தரைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். வெர்னா துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளிக்கொண்டே சொன்னாள். நடந்தது நடந்தபடி, சாமியிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. இனாவின் கையிலிருந்த குழாய் ஒரே இடத்தில் நின்றது. தண்ணீர் இருவருடைய பூட்ஸையும் சுற்றிக்கொண்டு போயிற்று.

"அப்ப அவர் என்னத்த முழுங்கினார்?"

"அப்பம்."

"வெறும் அப்பம்."

"ஆமாக்கா."

இனா குழாயை மூடினாள். "ரெண்டு நாளா அவருக்குத் தண்ணி இறங்கல. ஊசியிலதான் வச்சிருந்தாங்க. அது மட்டும் இறங்குச்சு. அதிசயம்னு நெனச்சேன். ஊர் பூரா சொல்லிட்டு வந்தேன்." குழாயைத் தரையில் போட்டுவிட்டு, "சாமி உன்னைச் சொல்லச் சொன்னாரா?" என்றாள்.

"சொல்ல வேண்டாம்னார்."

"பின்ன ஏன் சொன்ன?"

வெர்னாவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. நேற்று சாமியிடம் நன்றாகத்தான் சொன்னாள். இன்றைக்குத் துடைப்பத்தைத்தான் தள்ளினாள். இனா கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக, விரல்களை நேராக்கி. பிறகு பாதித் தரை ஈரமாகவும் பாதித் தரை அழுக்காகவும் இருக்க, வெளியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பூசை. சாமி ஒவ்வொருவருக்கும் முழு அப்பம் கொடுத்தார். பாதிக்குப் பழகின நாக்குகள் அதை வைத்துக்கொண்டு கொஞ்சம் திண்டாடின. இனா வந்திருந்தாள், வாங்கினாள், வெர்னா பக்கம் திரும்பவில்லை. கடைசி ஆசீர் முடிந்து ஜனங்கள் எழுந்திருக்கும்போது வெர்னா முன்னால் போய் நின்றாள். ஜூன் முதல் அக்டோபர்வரை நான் உங்களுக்குக் கொடுத்தது நற்கருணை இல்லை என்றாள். எப்படி என்று சொன்னாள். ஈரம் பட்டது என்று சொன்னது பொய் என்றும் சொன்னாள். மலாக்கி சாமி தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்புரோஸ் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அத்தனை தலைகளும் ஒரே பெஞ்சின் பக்கம் திரும்பின. இனா எழுந்து நின்று, தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே நடந்தாள்.

பூசைக்குப் பின் பக்கத்து அறையில் தேநீரும் கிழங்கு அடையும் உண்டு. வெர்னா நற்கருணைப் பேழையின் சாவியைக் கொண்டுவந்து அந்த மேசையின் நடுவில் வைத்தாள். "யாராவது எடுத்துக்குங்க. நான் வச்சிருக்கிறது சரியில்ல." யாரும் எடுக்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாவியைச் சுற்றிக் கோப்பைகளை வைத்தார்கள், சாவியைத் தாண்டிக் கை நீட்டி அடையை எடுத்தார்கள். அப்படியானால் ஐந்து மாதமாக நற்கருணைக்கு முந்தின சனிக்கிழமை தோறும் சாராயக் கடைக்குப் போகாமல் இருந்தது வீணா என்று ஒரு கிழவர் கேட்டார். ஓரத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள், சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அப்போது ஹியூபர்ட் மூலையிலிருந்து, "டப்பாவை நகர்த்தினது நான்" என்றான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான். "ஸ்வெட்டர் நனைஞ்சிருந்துச்சு. இடமில்ல. நான்தான் எடுத்து வச்சேன்." வெர்னா அவனைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் அவனிடம் அதைக் கேட்டதே இல்லை.

வியாழன் காலை, படகு கிளம்புவதற்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேர் தெரிந்தார்கள். சாமியின் தோள்பட்டி காற்றில் முகத்தில் அடிக்க, அவர் ஒரு கையால் அதையும் மறு கையால் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு வாசித்தார். பக்கத்தில் இனா. சாமி அம்புரோஸின் கல்லறைக் கல்லின்மேல் மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார். வெர்னா வீட்டுப் படியில் நின்று பார்த்தாள். போகலாமா என்று ஹியூபர்ட் கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். பத்து மணிக்குக் கப்பல் திரும்பியது. மத்தியானத்துக்கெல்லாம் அது ஒரு கீறலாகி, பிறகு அதுவும் இல்லை.

வெள்ளியும் சனியும் ஆலையில் வேலை இருந்தது. இனா மேசையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டாள். அங்கே வெளிச்சம் குறைவு. வெர்னாவின் எதிரே அந்த இடம் காலியாகவே இருந்தது. அதற்கு நேராக இறாலை நீட்டப்போய் இரண்டு தடவை கையை மடக்கிக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. சாமி மந்திரித்து வைத்துப்போன அப்பங்கள் பேழையில் நிறைய இருந்தன. ஜனங்கள் வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒன்பது மணி அடித்தது. முன்னால் யாரும் போகவில்லை. வெர்னா சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்கார்ந்து பார்க்கும்போது கோயில் அவளுக்கு நீளமாகத் தெரிந்தது. ஒருவர் இருமினார். இன்னொருவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மூடினார். ஒன்பதேகால் ஆயிற்று. எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று முதலில் யார் காட்டுவார்கள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

பக்கத்து அறையில் காலடிச் சத்தம் கேட்டது. புதன்கிழமையிலிருந்து அந்த மேசையை யாரும் துடைக்கவில்லை. கோப்பை ஒன்று நகர்கிற சத்தம். பிறகு இனா கதவு வழியாக வந்தாள். கருப்பு உடை, வெளிறின முகம், நேராகப் பார்த்த பார்வை. நடுப்பாதைக்குத் திரும்பாமல் கடைசிப் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். வெர்னா எழுந்திருக்கப்போனாள். இனா அவள் தோளில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்தாள். சாவியை வெர்னாவின் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டாள். பையின் மூடியை இறக்கினாள். சலவையில் சுருங்கிப்போன துளை, பித்தான் எளிதில் நுழையவில்லை. ஆலையின் பனிக்கட்டித் தண்ணீரில் வருஷக்கணக்காக மரத்துப்போன விரல்களால் இரண்டு தடவை முயன்று பார்த்தாள். மூன்றாம் தடவை குனிந்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதை மாட்டினாள்.